ஏறிப்போன பேண்ட்

"ரிடையர் ஆன பொறவு ரெண்டு அங்குலம் வளந்திருக்கேன் பாய். இப்படியே போனா பொங்கலுக்குள்ள உங்க கடைக்குள்ள ஃபேனுக்குக் குனிஞ்சுதான் நடக்கணும்."

தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் தையல் கடையில் நின்று நஞ்சப்பன் இதைச் சொன்னபோது, கவுஸ் பாஷா மிஷினை நிறுத்தக்கூட இல்லை.

"வாய்தாங்க வளந்திருக்குது," என்றார்.

நஞ்சப்பன் அரசு பஸ் ஓட்டியவர். அந்தக் காலத்தில் தொப்பூர் கணவாயில் பஸ் திரும்புவதற்கு முன்பே அவர் தொப்பை திரும்பிவிடும். ஸ்டியரிங் அதனிடம் அனுமதி கேட்டுத்தான் சுற்றும். போன வருஷ ஸ்கேனில் ஈரல் நிறையக் கொழுப்பு என்று வந்தது. பரோட்டாவை விட்டார். காலையில் கலெக்டர் ஆபீஸ் வரை நடந்தார். கேட்டவர்களிடம் வத்தல்மலை ஏறி இறங்கியதாகச் சொன்னார். தொப்பை கரைந்தது, ஈரலும் தேறிவிட்டது.

இப்போது அவர் கவலையெல்லாம் பாய்தான். பாய்க்கும் அதே தொப்பை, வலது விலாவுக்குக் கீழே அதே மந்தமான வலி. ஸ்கேன் எடுக்கச் சொல்லி அவர் மனைவி வஹிதா அழுதும் பார்த்துவிட்டாள். உட்கார்ந்து தைக்கிறவனுக்கு வாயு பிடிக்கத்தான் செய்யும் என்று ஒரு சோடாவோடு முடித்துவிடுவார். நல்ல வார்த்தைக்கு மசியாத ஆளை வம்புக்கு இழுத்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

"டாக்டரம்மாவே சொன்னாங்க பாய். வளர்ச்சி ஹார்மோன்னு ஒண்ணு இருக்குதாம்."

"அது சின்னப் பசங்களுக்குங்க."

"நமக்கும் ஊறுதாம். நம்ம வயசுல கொழுப்பைக் கரைக்கிற வேலையும் அதுக்கு இருக்குது. தொப்பை போட்டா அது ஊறுறது குறையும். அது குறைஞ்சா ஈரல்ல கொழுப்பு சேரும். ஒண்ணுக்கொண்ணு கூட்டாளி. ஒடம்பைக் கொறைச்சு நல்லாத் தூங்குனா மறுபடி ஊறுமாம்."

இதுவரை டாக்டர் சொன்னது. இதற்கு மேல் நஞ்சப்பனின் சொந்தச் சரக்கு.

"எனக்கு ஊறுன வேகத்துல காலுக்கும் எறங்கிருச்சு."

மிஷின் நின்றது. பாய் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"பந்தயம் பாய். வளரலைன்னா ஒரு மாசம் உங்களுக்குப் பட்டன் கட்டித் தரேன். வளந்திருந்தா நாளைக்கு வெறும் வயித்தோட எங்கூட ஸ்கேனுக்கு வரணும்."

"பட்டன் டப்பாவை இப்பவே வெளிய எடுத்து வெக்கறேங்க."

எடுத்தும் வைத்தார். நஞ்சப்பன் பையிலிருந்த பேண்டை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார். ரிடையர்மென்ட் விழாவுக்குப் பாய் தைத்த பேண்ட். பெல்ட்டை இறுக்கிக்கொண்டு வெளியே வந்தபோது கணுக்கால் இரண்டும் பளிச்சென்று தெரிந்தன.

"தொவைச்சதுல சுருங்கியிருக்கும்."

"சுருங்காத துணின்னு எடுத்துக் குடுத்ததே நீங்கதானே?"

பாய் டேப்போடு குனிந்தார். பாதியில் விலாவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். அப்புறம் இடுப்பிலிருந்து குதிகால் வரை அளந்தார். நம்பாமல் மறுபடியும் அளந்தார். அவர் கையால் வெட்டிய நீளத்தைவிட இரண்டு அங்குலம் அதிகம்.

அவர் பார்வை மெதுவாகப் பெல்ட்டுக்கு ஏறியது. தைத்த நாளில் இந்தப் பேண்ட் தொப்பைக்குக் கீழே நின்றது. தாங்கி மறிக்கத் தொப்பை இல்லாததால் இப்போது உண்மையான இடுப்புக்கு ஏறியிருக்கிறது. ஒரு தையல்காரரிடம் இதை மறைக்க முடியாது. குட்டு உடைந்தது என்று நஞ்சப்பன் மூச்சை அடக்கிக்கொண்டார்.

பாய் டேப்பைத் தோளில் போட்டுக்கொண்டார். தன் இடுப்பைக் குனிந்து பார்த்தார். தொப்பைதான் தெரிந்தது, பெல்ட் அதற்குக் கீழே எங்கோ இருந்தது.

"எத்தன மணிக்குங்க வரணும்?"

"ஏழு மணி. டீ கூடக் குடிச்சிராதீங்க. அப்ப பட்டன்?"

பாய் டப்பாவை மூடி மேஜைக்கு அடியில் தள்ளினார்.

"வளந்துதாங்க இருக்கீங்க டிரைவரே," என்றார்.