மாத்தினா மாத்தினதுதான்

மார்லிஸ் வாண்டர்மோலனுக்கு வீட்டில் ஒரு பட்டப்பெயர் உண்டு: பாதி மார்லிஸ். வைத்தவன் அவள் கணவன் டுவேன். சும்மா சொல்லக் கூடாது, பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது. அவள் பின்ன ஆரம்பித்த ஸ்வெட்டருக்கு ஒரே ஒரு கை. பியானோ வகுப்பை வலது கைப் பாடம் முடிந்ததுமே விட்டுவிட்டாள். குளியலறையின் இரண்டு சுவர் நீலம், மற்ற இரண்டும் வீடு வாங்கிய நாளின் மஞ்சள். தான் ஓட்டும் பள்ளிப் பேருந்தை மட்டும் அவள் ஒருநாளும் பாதி வழியில் நிறுத்தியதில்லை. அது சம்பளம் வாங்குகிற வேலை.

டுவேன் நேரெதிர். கையில் எடுத்ததை முடிக்காமல் சாப்பிட உட்கார மாட்டான். ஆனால் காகித ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கையில் எடுப்பதற்குத்தான் ஒன்றுமில்லை. நாற்காலி, தொலைக்காட்சி, ஜன்னலுக்கு வெளியே மிச்சிகன் பனி. எதையுமே ஆரம்பிக்காதவனை யாரும் பாதி என்று கூப்பிட முடியாதே, அந்தத் தைரியத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

போன அக்டோபரில் மார்லிஸின் அம்மா வீட்டைக் காலி செய்தபோது, நிலவறையில் தையல் மெஷினுக்கு அடியில் ஒரு செருப்புப் பெட்டி அகப்பட்டது. உள்ளே அவளுடைய பேஸ்பால் அட்டைகள். பபிள்கம் பொட்டலத்தோடு வருமே, முன்னால் ஆட்டக்காரன் படமும் பின்னால் அவன் ஓட்டக் கணக்கும் போட்டது, அதுதான். அந்தத் தெருப் பிள்ளைகளின் அட்டைகளையெல்லாம் அம்மாக்கள் என்றோ குப்பையில் போட்டுவிட்டார்கள். மார்லிஸின் அம்மா மட்டும் போடவில்லை. பாசமெல்லாம் ஒன்றுமில்லை, மெஷினின் ஆடுகிற காலுக்கு அந்தப் பெட்டி சரியான உயரமாக இருந்தது.

எல்லாம் எழுபத்தொன்பதாம் வருஷத்து வரிசை. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. பெட்டியைத் திறந்ததும் பபிள்கம் வாசனை வந்தது என்று மார்லிஸ் சத்தியம் செய்வாள். அழுக்கு வாசனைதான் வந்தது என்பான் டுவேன். எப்படியோ, அன்று சாயங்காலம் அவள் சாப்பாட்டு மேசை முழுக்க அட்டைகளைப் பரப்பினாள். நவம்பர் கடைசியில் நன்றி கூறும் நாள் விருந்து வந்தபோதும் மேசை காலியாகவில்லை, வான்கோழியை அவர்கள் மடியில் வைத்துத்தான் தின்றார்கள்.

"இந்த வரிசையை முழுசா முடிக்கப்போறேன்," என்றாள்.

"ஆமா ஆமா. நான் நிலாவுக்குப் போகப்போறேன்."

"பாரு நீ."

"போன்ல தட்டினா மிச்சம் எல்லாம் வாசல்ல வந்து விழும். நாலு நாள்ல மேசை நமக்குத் திரும்பக் கிடைக்கும்."

"வாங்கினா அது கடை டுவேன். மாத்தினாதான் ஆட்டம்."

இதில் அவள் கறாராக இருந்தாள். காசு கிடையாது, இனாம் கிடையாது. ஒன்று கொடுத்து ஒன்று. சனிக்கிழமைதோறும் ஏதாவதொரு ஊர்த் தேவாலயக் கூடத்தில் அட்டைச் சந்தை கூடும். தொப்பை போட்ட ஆண்கள் நீள மேசைகளில் எதிரெதிரே உட்கார்ந்து, அடுத்தவர் அட்டைக் கட்டைப் புரட்டிக்கொண்டே, "இருக்கு, இருக்கு, இருக்கு, இருக்கு..." என்று மந்திரம் போல முணுமுணுப்பார்கள். திடீரென்று ஒரு குரல் எகிறும்: "வேணும்!" அந்த ஒரு சொல்லுக்காக மார்லிஸ் பனியில் வண்டியோட்டிப் போனாள். அதைச் சொல்லும்போது அவளுக்கு ஐம்பது வயதும் கழன்று விழுந்தது. சந்தோஷம் என்றால் அப்படியொரு சந்தோஷம், பேருந்துப் பிள்ளைகளே "உங்களுக்கு என்ன ஆச்சு, பாடிக்கிட்டே ஓட்டுறீங்க?" என்று கேட்டார்கள்.

மார்ச் மாதம் வந்தபோது அவளுடைய ஆல்பத்தில் ஒரே ஒரு பை காலி. கிளைட் மேப்ரி.

இந்த மேப்ரி யார் என்றால், டெட்ராய்ட் அணியில் மட்டையாளனுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிப்பவனுக்கு உடம்பு சரியில்லாத நாட்களில் மட்டும் குந்துகிறவன். அட்டையில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பான், இரண்டு காதும் குடத்துக் கைப்பிடி போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதே அணியின் நட்சத்திரம் ரே டாலிவர் எந்த மேசையிலும் கிடைத்தான். மேப்ரியைக் கேட்டால் சிரித்தார்கள். "அவனை எவம்மா வெச்சிருப்பான்?" என்று சொல்லி, பெட்டி பெட்டியாகத் தேடி, தலையைச் சொறிந்தார்கள். "அதிசயமா இருக்கே. போன வருஷம்கூட இருந்தான்."

வயிற்றெரிச்சல் என்னவென்றால், மார்லிஸிடம் மேப்ரி இருந்தான். ஒன்பது வயதில் பக்கத்து வீட்டு வெண்டல் ஓகர்லண்டிடம் கொடுத்துவிட்டு டாலிவரை வாங்கிக்கொண்டாள். தெருவே வெண்டலைப் பார்த்துச் சிரித்தது. ஒன்றுக்கும் ஆகாதவனுக்கு நட்சத்திரத்தைக் கொடுத்த முட்டாள் என்றது. அடுத்த வாரமே அவளுக்குப் பொட்டலத்தில் இன்னொரு டாலிவர் வந்தது. அதையும் வெண்டல் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினாள்.

டுவேன் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் காலிப் பையைப் பார்க்கும்போதெல்லாம் அவன் மீசை துடித்தது. இதையும் பாதியில் விட்டால் அந்தப் பட்டப்பெயர் தன் கல்லறை வரைக்கும் வரும் என்று மார்லிஸுக்குப் பயமாகவே இருந்தது. அவளுக்குத் தேவை அட்டை மட்டுமில்லை, வாழ்க்கையில் ஒன்றையாவது முடித்தோம் என்று சொல்லிக்கொள்ளத் தேவை.

அந்தப் பருவத்தின் கடைசிச் சந்தை லூத்தரன் தேவாலயக் கூடத்தில் நடந்தது. அதை விட்டால் இலையுதிர் காலம்தான். அன்று பார்த்து அவள் காரின் பேட்டரி உயிரை விட, டுவேன் தன் டிரக்கில் கூட்டிப்போனான். "நான் ஓரமா உக்காந்து செர்ரி பை தின்னுட்டிருக்கேன். முடிஞ்சதும் கூப்பிடு," என்று, செர்ரிப் பழத்தை மாவுக்குள் வைத்துச் சுட்ட அந்தப் பலகாரத்தை விற்கும் பெண்களிடம் போய்விட்டான்.

மார்லிஸ் கடைசி மேசைக்கு வந்தபோது முதலில் கண்ணில் பட்டவை காதுகள். வழுக்கைத் தலை, தடிக் கண்ணாடி, இரண்டு பக்கமும் அந்தக் காதுகள். அவற்றை அவள் மறக்கவே முடியாது, ஒரு கோடை முழுக்க அவற்றைக் கேலி செய்து பாட்டுக் கட்டியவள் அவள்தான்.

"டேய் வெண்டல்!"

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஒரு கணம் முழித்தார். பிறகு முகம் முழுக்க மலர்ந்தது.

"ஏமாத்துக்காரி!" என்று கத்தினார் வெண்டல். கூடமே திரும்பிப் பார்த்தது. "எங்க அப்பா கலமசூ ஊருக்கு வேலை மாத்திக்கிட்டு போனப்போ நான் நிம்மதியானதே உன்னால தாண்டி!"

கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அப்புறம்தான் அவர் முன்னால் திறந்திருந்த ஆல்பத்தை மார்லிஸ் பார்த்தாள். பக்கத்துக்கு ஒன்பது பை. ஒன்பதிலும் கிளைட் மேப்ரி. புரட்டினாள். மேப்ரி. இன்னும் புரட்டினாள். கண்ணை மூடிய மேப்ரிகள், காதை நீட்டிய மேப்ரிகள், பக்கம் பக்கமாக.

"அட பாவி! ஊர்ல ஒரு மேப்ரிகூட இல்லாததுக்கு நீதான் காரணமா!"

"மனைவி போனப்புறம் ஆரம்பிச்சேன்," என்றார் வெண்டல், சற்று வெட்கத்தோடு. "சின்ன வயசுல எங்க அப்பா சொல்வார், 'பாருடா, உன்னை மாதிரியே காது, பெரிய அணியில ஆடுறான்'னு. அதுக்குத்தான் அன்னிக்கு டாலிவரையே தூக்கிக் குடுத்தேன். இப்ப எங்க பார்த்தாலும் அவனை விட மனசு வரல."

தெருவே சிரித்தபோது அந்தப் பையன் இதை ஒருவரிடமும் சொல்லவில்லை.

"எனக்கு ஒரு மேப்ரி வேணும் வெண்டல். ஒரே ஒரு ஆளு. அவன் வந்தா வரிசை முடிஞ்சுது."

"என்ன தருவே?"

அவள் தன் உபரிக் கட்டை நீட்டினாள். வெண்டல் புரட்டினார். "வேண்டாம், வேண்டாம், நான் மேப்ரியைத் தவிர யாரையும் சேக்கறதில்ல, வேண்டாம்..." கை சட்டென்று நின்றது. ரே டாலிவர். மேல் மூலையில் நாய்ப் பல் பதிந்திருந்தது. "இது எங்க நாய் பட்டன் கடிச்சது. என் டாலிவர்." குரல் இறங்கிவிட்டது. "வேணும்," என்றார்.

"எடுத்துக்கோ! மேப்ரியைக் குடு!"

கையை நீட்டிய இருவரும் ஒரே நேரத்தில் உறைந்து நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அன்று அட்டை மாற்றியபோது உள்ளங்கையில் துப்பிக் கைகுலுக்கிச் சொன்ன சத்தியம் இருவருக்கும் ஞாபகம் வந்துவிட்டது.

"மாத்தினா மாத்தினதுதான்," என்றாள் மார்லிஸ் மெதுவாக.

"மறுபடி கேட்டா மண்ணுதான்," என்று முடித்தார் வெண்டல்.

செர்ரி பைத் தட்டோடு இதற்குள் வந்து நின்றிருந்த டுவேனுக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. "என்ன ஆச்சு? அவர்கிட்ட அது இருக்கு, உன்கிட்ட இது இருக்கு. மாத்திக்க வேண்டியதுதானே?"

"நாங்க ரெண்டு பேரும் அதே ரெண்டு அட்டையை ஏற்கெனவே மாத்தியாச்சு. திரும்ப மாத்தக் கூடாது. சத்தியம்."

"எப்போ?"

"எழுபத்தொம்போதுல."

"நீங்க ரெண்டு பேரும் பெரியவங்கதானே? ஓட்டு போடுறீங்கதானே? சும்மா குடுத்துத் தொலைங்களேன்யா!"

"சும்மாவா!" என்றார்கள் இருவரும், அவன் தேவாலயத்தில் கெட்ட வார்த்தை பேசிவிட்டது போல.

சிரிப்பான விஷயம்தான். ஆனால் அந்த வயதில் செய்த சத்தியத்தை மீறினால், பிறகு எந்தச் சத்தியத்துக்கு மரியாதை? வெண்டல் கன்னத்தைத் தடவினார். மார்லிஸ் காலிப் பையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். முடிக்கப்போகிறோம் என்று கால் வைத்த படியில் வழுக்கி விழுந்தாயிற்று, அழுகை வந்துவிடும் போலிருந்தது.

அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. "நடு ஆளு!"

"நடு ஆளு!" வெண்டலின் கண்ணாடி மூக்கில் குதித்தது. "மூணாவது ஆளு வழியா வந்தா அது திரும்பக் கேட்டது ஆகாது. ஆனா அவன் பொம்மையா நிக்கக் கூடாது. நிஜமாவே பேரம் பேசி மாத்தணும்."

இருவரும் டுவேனைப் பார்த்தார்கள்.

"நானா? நான் பை தின்னுக்கிட்டிருக்கேன்."

"டாலிவருக்கு என்ன தர்றே?" என்றாள் மார்லிஸ்.

"இதோ, இந்தப் பைதான். பாதி தின்னாச்சு."

"பாதியே போதும், குடு." தட்டு அவள் கைக்கு வந்தது, டாலிவர் அவன் கைக்குப் போனான். டுவேன் முதலாளி போல வெண்டல் பக்கம் திரும்பினான். "ஐயா, என்கிட்ட நல்ல டாலிவர் ஒண்ணு இருக்கு. நாய் கடிச்சது. என்ன தருவீங்க?"

வெண்டல் ஆல்பத்தின் முதல் பக்கத்துக்குப் போய், முதல் மேப்ரியை உருவினார். நடுவில் ஒரு மடிப்பு இருந்தது. சிறு வயதில் மார்லிஸ் அதை சைக்கிள் சக்கரத்தில் செருகி, மோட்டார் சத்தம் வருகிறது என்று தெருவெல்லாம் சுற்றிய மடிப்பு.

"அய்யோ, அது உன் முதல் அட்டை வெண்டல். வேற ஏதாவது குடு."

"மத்தது எல்லாம் யார் யாரோ வெச்சிருந்தது. இது உன்னோடது," என்றார் வெண்டல். டாலிவரை வாங்கிச் சட்டைப் பையில் வைத்து, மேலே கையை வைத்துக்கொண்டார்.

"இப்ப என்கிட்ட குடு டுவேன்," என்றாள் மார்லிஸ். கையை நீட்டினாள்.

டுவேன் கொடுக்கவில்லை. மேப்ரியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "அதெப்படி? பொம்மையா நிக்கக் கூடாதுன்னு அவர் சொன்னாரில்ல. நீ என்ன தர்றே?"

"விளையாடாதே!"

"கட்டைக் காட்டு."

பல்லைக் கடித்துக்கொண்டு உபரிக் கட்டைக் கொடுத்தாள். டுவேன் கேலியாகத்தான் ஆரம்பித்தான். கட்டை விரலை நக்கி, தொப்பைக்காரர்கள் போலவே, "வேண்டாம், வேண்டாம், இவன் மூஞ்சி சரியில்ல, வேண்டாம்..." என்று தள்ளிக்கொண்டே போனான். பாதிக் கட்டு தாண்டியதும் நின்றான். கேலி முகத்தை விட்டுப் போய்விட்டது.

நரைத்த மீசையோடு ஒரு பந்துவீச்சாளன். ஆர்வில் ஸ்டாங்.

"இவனைத் தெரியும்," என்றான் டுவேன். "எனக்குப் பத்து வயசு. அப்பா என்னை ஒரே ஒரு ஆட்டத்துக்குத்தான் கூட்டிட்டுப் போனாரு. வேலியோரமா நின்னேன். இந்த ஆளு புகையிலையைத் துப்பினான், நேரா என் ஷூ மேல. 'மன்னிச்சுக்கோ தம்பி'ன்னு தொப்பியைத் தூக்கினான். அப்பா வீடு வர்ற வரைக்கும் சிரிச்சாரு. அந்த ஷூவை நான் அந்த வருஷம் முழுக்கத் துடைக்கவே இல்ல."

இருபத்தெட்டு வருஷ தாம்பத்தியம். இந்த ஷூவைப் பற்றி அவள் கேள்விப்பட்டதே இல்லை. பனிக்காலம் முழுக்க மேசையைப் பார்த்து முனகியவன், ஒரு தடவையாவது அந்த மேசைப் பக்கம் வந்து உட்காரவில்லை. கூப்பிட வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை.

"வேணும்," என்றான் டுவேன். சொல்லிவிட்டுத் தானே திடுக்கிட்டான்.

மார்லிஸ் ஸ்டாங்கைக் கொடுத்து மேப்ரியை வாங்கினாள். ஆல்பத்தின் காலிப் பைக்குள் நுழைத்தாள். முதலில் மாட்டியது, பிறகு வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. "முடிச்சுட்டேன்!" என்று அவள் போட்ட சத்தத்தில் பை விற்கும் பெண்கள் ஓடிவந்தார்கள். தொப்பை ஆண்கள் எழுந்து கை தட்டினார்கள். வெண்டல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மார்லிஸ் அழுதுகொண்டே சிரித்து, தட்டில் மிச்சமிருந்த செர்ரி பையை இரண்டே வாயில் தின்றுமுடித்தாள்.

வீட்டுக்கு டுவேன் டிரக்கை ஓட்டினான். ஸ்டாங் ஸ்டியரிங்குக்குப் பின்னால், வேகமானியின் மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான்.

"இந்த ஆளு மொத்தம் எத்தனை வருஷம் ஆடினான்?"

"பதினஞ்சு வருஷமாவது இருக்கும்."

"வருஷத்துக்கு ஒரு அட்டையா?"

"ஆமா." அவள் ஆல்பத்தை மடியில் அணைத்துக்கொண்டாள். "கவலைப்படாதே, இன்னிக்கே மேசையைக் காலி பண்ணிடறேன். சொன்னபடி முடிச்சாச்சு. இனிமே என்னை அந்தப் பேரு சொல்லிக் கூப்பிட முடியாது."

டுவேன் சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தினான். ஸ்டாங்கைப் பார்த்தான். அப்புறம் அவளைப் பார்த்தான்.

"மேசையைக் காலி பண்ணாதே," என்றான். "பாதி எனக்குக் குடு."