தொண்ணூற்றாறு மார்க்

கமலவேணி செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். அந்தச் சோதனையில் தொண்ணூற்றாறு வாங்கித் தொலைத்தாள்.

மலாக்கா டவுனில் இருந்த அந்தத் தனியார் கல்லூரிக்குத் 1998-ஆம் வருஷத் தொடக்கத்தில் கோலாலம்பூரிலிருந்து ஒருவர் வந்து, விரிவுரையாளர்களுக்கு 'ஈக்யூ' சோதனை வைத்தார். அடுத்தவர் மனசைப் புரிந்துகொள்ளும் சாமர்த்தியம் யாருக்கு எவ்வளவு என்று அளந்து பார்க்கிற சமாச்சாரம். கூட வேலை செய்கிறவர் அழுதால் என்ன செய்வீர்கள்? கீழே நான்கு விடைகள். கமலவேணி புள்ளியியல் எடுப்பவள். இருப்பதில் நீளமான விடைதான் சரி என்று மூன்றாவது கேள்வியிலேயே பிடித்துவிட்டாள். மீதியைப் படிக்காமலே முடித்தாள்.

முதலிடம்! துறைத்தலைவர் தனபாலன் எல்லாரையும் கைதட்ட வைத்து, அவளை 'ஊழியர் ஆதரவாளர்' ஆக்கினார்; யாருக்கு மனக்கஷ்டம் வந்தாலும் இனி அவள்தான் உட்கார்ந்து கேட்க வேண்டும். போட்டோஸ்டாட் மெஷின் பக்கத்தில் ஒரு குட்டி அறை, இரண்டு நாற்காலி, ஒரு டிஷ்யூ டப்பா. கல்லூரியின் கண்ணீர் மொத்தமும் அங்கேதான் வந்து இறங்கியது. "அப்புறம்?" என்று கேட்பாள். அந்த ஒரு சொல்லுக்கே வாசலில் க்யூ.

அவள் புருஷனும் மகள் ஷாந்தினியும் கோலாலம்பூரில். இவள் இங்கே மலாக்காவில், புக்கிட் காத்தில் பக்கம் ஒரு வாடகை அறையில். அடுத்த வருஷம் மகள் ஒன்றாம் வகுப்பு. "மொத நாளு நீங்கதானே கொண்டுபோய் விடுவீங்க, அம்மா?" என்று போனில் தினமும் கேட்கிறது. கல்லூரியின் கோலாலம்பூர் கிளையில் இடம் தயார். தனபாலன் கையெழுத்துதான் பாக்கி.

தனபாலன் மலாக்கா தெங்கேராவில் ஜவுளிக்கடை நடத்திய குடும்பம். முடியாது என்ற சொல்லே வாயில் வராது. விலைதான் ஏறும்.

"போங்கம்மா, யாரு வேணாங்குறா? நம்ப ஜெயா பாவம், கல்யாணம் நின்னு போன பொண்ணு. அது அழுது முடிக்கட்டும்லா."

ஜெயா ஒரு வழியாகத் தேறினாள். உடனே இன்னொரு விரிவுரையாளர் சேகரனுக்குப் பதவி உயர்வு கிடைக்காத சோகம். அதுவும் முடியட்டும்லா.

அக்டோபரில் சோதனை மறுபடி வந்தது. இம்முறை கமலவேணி ஒவ்வொரு கேள்விக்கும் ஆகக் குட்டையான விடையாகப் பார்த்து வட்டம் போட்டாள். பதினொன்று. விலைபோகாத சரக்கை எந்தக் கடைக்காரர் கட்டிக்கொண்டு அழுவார்?

"பாத்தீங்கல்ல, சார்? நான் இந்த வேலைக்கு லாயக்கில்ல. விட்ருங்க." இடமாற்றக் கடிதத்தை நீட்டினாள்.

தனபாலன் மார்க்கைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"தொண்ணூத்தாறுலேர்ந்து பதினொண்ணா? இவ்ளோ ஒடஞ்சு போயிருக்கீங்க, எங்களுக்குத் தெரியாமப் போச்சே! இந்த நெலமையில ஒங்கள தெரியாத எடத்துக்கு அனுப்புனா நான் மனுஷனா? ஒரு வருஷம் எங்க கண்ணு முன்னாலயே இருங்க. நாங்க தாங்குறோம்."

கடிதம் இழுப்பறைக்குள் போயிற்று. சாவியையும் திருப்பினார்.

அன்று மத்தியானமே ஜெயா நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு அறைக்கு வந்துவிட்டாள். "இன்னிக்கு நீங்க பேசுங்கக்கா. நான் கேக்குறேன்."

கமலவேணி வாயைத் திறந்தாள். "என் மக..."

"மகன்னு சொன்னதும்தான்க்கா..." ஜெயாவின் உதடு துடித்தது. "அந்தக் கல்யாணம் மட்டும் நடந்திருந்தா, எனக்கும் இந்நேரம்..."

கமலவேணியின் கை அதுபாட்டுக்கு டிஷ்யூ டப்பாவை அவள் பக்கம் தள்ளியது. கதவுக்கு வெளியே சேகரன், அவன் பங்குக்கு ஒரு பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தான்.

"அப்புறம்?" என்றாள் கமலவேணி.