தலைக்கு ஊற்றிக்கொண்ட நாள்

எங்கள் பக்கத்தில் காய்ச்சல் விட்டுவிட்டது என்பதற்கு எந்த டாக்டரும் சர்ட்டிபிகேட் எழுதித் தரவேண்டாம். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டால் உடம்பு தேறிவிட்டது என்று அர்த்தம். ஊற்றிக்கொள்ளாதவரைக்கும் நீ நோயாளிதான், மூலையில் கிட. அதனால் நான் செய்ததைப் பைத்தியக்காரத்தனம் என்று இன்றைக்கு யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அன்றைக்கு என் இடத்தில் படுத்திருந்தால் தெரிந்திருக்கும்.

என் ஒரே பெண் பேபி தலைப்பிரசவத்துக்கு இரும்புலியூர் வீட்டுக்கு வந்திருந்தாள். நிறைமாசம். தலைப்பிரசவம் தாய்வீட்டில், வலி எடுக்கும்போது பெற்றவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கவேண்டும். இதற்காக நான் அவள் கல்யாணத்தன்றிலிருந்து காத்திருந்தேன். அந்த நேரம் பார்த்துத்தானா எனக்கு ஃப்ளூ வரவேண்டும்? தொண்ணூற்றொன்றாம் வருஷத்து மழையில் தாம்பரம் முழுக்க வீட்டுக்கு ஒருத்தர் இருமிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் அந்த ஒருத்தி நானாகிப் போனேன்.

காய்ச்சல்காரர்கள் பேபி பக்கத்தில் போகவே கூடாது என்று லேடி டாக்டர் சொல்லிவிட்டாள். என் வீட்டுக்காரர் சவுரிமுத்து ரயில்வே ஷெட்டில் ஃபிட்டர். சிக்னல் விழாமல் ஒரு அடி நகராத மனுஷன். என் பாயைச் சுருட்டிப் பின்பக்கத்து அஸ்பெஸ்டாஸ் ரூமில் போட்டுவிட்டார். அந்த ரூமிலிருந்து பார்த்தால் அடுப்படி வழியாக முன்னறைக் கட்டிலின் கால்மாடு தெரியும். பேபியின் வீங்கின பாதம் மட்டும் எனக்குத் தெரியும். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவேண்டிய பாதம். பார்த்துப் பார்த்து வயிறு எரிந்தது.

அதோடு விட்டாரா? என்னை ஒரு வார்த்தை கேட்காமல், கோவளத்துக் கோயில் பக்கத்துக் கடைக்குப் போன் போட்டுச் சம்பந்தியை வரச் சொல்லிவிட்டார். சம்பந்தி அம்மணி கடற்கரையில் மீன் ஏலம் எடுத்து விற்கிறவள். நல்லவள்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் என் வீட்டில், என் பெண்ணுக்கு, என் வேலையை அவள் வந்து செய்வதா? அவள் பஸ் ஏறுவதற்குள் எழுந்து நடமாடிவிடுவது என்று முடிவு கட்டினேன்.

அப்புறம் நான் குடிக்காத கஷாயம் இல்லை. பக்கத்து வீட்டுக் கங்கம்மா ஏரிக்கரையிலிருந்து நொச்சி ஒடித்துவந்து கொடுத்தாள். வேளைக்கு ஒரு தரம் ஆவி பிடித்தேன். நிலவேம்பைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். கற்பூரவள்ளிச் சாறு, அதன் மேலே தேனில் குழைத்த திப்பிலி, அதன் மேலே துளசியும் மிளகும் போட்ட தண்ணீர். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் வயிறு மூச்சுவிட நேரம் கொடுக்கவில்லை. இத்தனை வருஷம் மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக் கஷாயம் ஊற்றினவள் நான். எனக்கு வந்தபோது எதுவும் கேட்கவில்லை. சூடு இறங்குவதுபோல இறங்கிச் சாயங்காலமானால் மறுபடி ஏறிக்கொண்டது.

அம்மணி வந்துவிட்டாள். கேளம்பாக்கத்தில் பஸ் மாறி, மழையில் நனைந்து, ஒரு பை நிறைய நண்டோடு வந்தாள். நேரே அடுப்படிக்குப் போய் என் அம்மியில் மிளகு தட்டினாள். என் அம்மியின் சத்தத்தைப் படுத்துக்கொண்டே கேட்கவேண்டிய தலையெழுத்து எனக்கு. கொஞ்ச நேரத்தில் ஒரு கிண்ணத்தில் நண்டு ரசத்தைக் கொண்டுவந்து என் ரூம் வாசலில் வைத்தாள். கடலுக்குப் போகிறவர்களுக்கு நெஞ்சுச்சளி கட்டினால் இதுதான் மருந்தாம். காய்ச்சல் உடம்புக்குக் கவிச்சி ஆகாது, எங்கள் வீட்டில் பத்தியம் வேறே மாதிரி என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ரோஷம், வேறென்ன. அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த வேளைக்கும் கொண்டுவந்து வைத்தாள்.

அடுப்படி வழியாகப் பார்த்தால் பேபியின் பாதம் இப்போது அம்மணியின் மடியில் இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, பதமாகத்தான் அமுக்கினாள். அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் விடிந்ததும் பேபி இடுப்பு வலிக்கிறது என்று சொல்வது காதில் விழுந்தது. எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. நொச்சித் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஆவி பிடித்தேன். வேர்வை ஆறாக ஊற்றியது. துடைத்துவிட்டு நெற்றியைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. காய்ச்சல் விட்டே விட்டது என்று நினைத்தேன். இன்னும் ரெண்டு நாள் பொறுத்து ஊற்றிக்கொள் என்று வேறு யாருக்காவது நானே சொல்லியிருப்பேன். எனக்குச் சொல்ல ஆள் இல்லை, இருந்தாலும் கேட்டிருக்கமாட்டேன். குளிக்க வெந்நீர் போட்டால் அம்மணிக்குத் தெரிந்துவிடும் என்று தொட்டித் தண்ணீரை அப்படியே மொண்டு தலையில் ஊற்றினேன். மழைக்காலத்துத் தண்ணீர், எலும்புவரைக்கும் போயிற்று.

வெளுத்த புடவையைக் கட்டி, ஈரத்தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டு முன்னறைக்கு வந்தேன்.

"தலைக்கு ஊத்திக்கினேன். இனிமே என் பொண்ணை நான் பாத்துக்கறேன்," என்றேன்.

ஊற்றிக்கொண்டவளை நோயாளி என்று சொல்ல முடியுமா? அம்மணி ஒதுங்கி வழிவிட்டாள். பேபி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் முகத்தை அத்தனை நாளுக்கப்புறம் அப்போதுதான் பார்க்கிறேன். கட்டில் சட்டத்தைப் பிடித்தேன். அங்கேயே எனக்குப் பல் கிட்டிக்க ஆரம்பித்தது. கை நடுங்குகிற நடுக்கத்தில் கட்டிலே ஆடியது. அம்மணிதான் என் தோளைப் பிடித்துத் திருப்பி, பின்பக்கம் கூட்டிப்போய், பாயில் படுக்கவைத்துக் கம்பளியைப் போர்த்தினாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

மத்தியானம் எனக்கு உடம்பு அனலாகக் கொதித்துக்கொண்டிருந்தபோது பேபிக்குப் பனிக்குடம் உடைந்தது. சவுரிமுத்து ஆட்டோவுக்கு ஓடினார். அம்மணி பழந்துணிகளை மூட்டை கட்டினாள். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். கால் என் பேச்சைக் கேட்கவில்லை. தவழ்ந்து அடுப்படி வாசல்வரைக்கும் வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். தெருவில் ஆட்டோ நிற்பது தெரிந்தது. ஏறுகிற நேரத்தில் பேபியை வலி பிடித்தது.

"யம்மா!" என்று கத்தினாள்.

என்னைத்தான் கூப்பிட்டாள். இதோ வந்துட்டேன் என்று சொன்னேன். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

"இன்னாமா, நான் கீறேன். கூடத்தான் கீறேன்," என்று அம்மணியின் குரல் கேட்டது. ஆட்டோ போய்விட்டது.

கங்கம்மா வந்து என்னைப் பாயில் சேர்த்தாள். அப்புறம் நான் செய்ததெல்லாம் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்ததுதான். வேறு எதற்கும் நான் லாயக்கில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அம்மணி மட்டும் வந்தாள். கையைக் கழுவிக்கொண்டு, மீதி இருந்த ரசத்தைச் சூடுபண்ணி டம்ளரில் ஊற்றி எடுத்துக்கொண்டு, இந்தத் தடவை வாசலில் வைக்காமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பொண்ணு கொழந்த. ரெண்டு பேரும் நல்லாக் கீறாங்க சம்மந்தி. மூக்கு அப்டியே உன்னுது."

என் மூக்கைத் தொட்டுப் பார்த்தேன். சிந்திச் சிந்தித் தோலுரிந்து, வீங்கி, அடைத்துக்கொண்டு கிடந்தது. அவள் சொல்வது உண்மையா, எனக்காகச் சொல்கிறாளா என்று தெரியவேண்டுமானால் நான் போய்க் குழந்தையைப் பார்க்கவேண்டும். காய்ச்சல் முழுசாக விடாமல் வாசற்படிக்குக்கூட விடமாட்டார்கள். இனி தலைக்கு ஊற்றிக்கொண்டேன் என்று நான் சொன்னாலும் ஒருத்தரும் நம்பப்போவதில்லை.

டம்ளரை வாங்கிக் குடித்தேன். உப்புத் தெரியவில்லை, உறைப்புத் தெரியவில்லை, சூடு மட்டும் தெரிந்தது.

"நெசமாவா சம்மந்தி?" என்று கேட்டேன்.

அம்மணி என் தலையைத் தொட்டுப் பார்த்து, இன்னும் ஈரம் என்று தன் முந்தானையால் துவட்ட ஆரம்பித்தாள்.