கடைசியாக எப்போது பேசினார்?

அந்த நாளை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பது எனக்கே சந்தேகம். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். ஒரே வரியை எத்தனை முறை படித்தாலும் கண் தான் எதிர்பார்ப்பதைத்தான் பார்க்கும் என்பதை அறிந்தவள். நற்கருணை அப்பம் என் கணவர் கையிலிருந்து தரையில் விழுந்தது என்று நான் சொல்கிறேன். விழவே இல்லை, அவர் உள்ளங்கையில்தான் இருந்தது என்கிறார் தியானம் நடத்திய ஃபாதர். மதியச் சாப்பாட்டின்போது என் கணவர் என்னைப் பார்த்துச் சிரித்தார் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். அது சிரிப்புதானா?

என் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். காலை முதல் மாலை வரை வண்டிக்குள் பேச்சு, வீட்டுக்கு வந்தால் அந்தப் பேச்சைப் பற்றிய பேச்சு. அவரிடம் படித்தவர்கள் வைத்த பெயர் ஹாரன். "ஹாரன் சார் இருக்காரா?" என்று வீட்டுக்கே வந்து கேட்பார்கள், அவரும் "பாம்" என்று பதில் கொடுத்துக்கொண்டே வெளியே போவார். எனக்கோ சின்ன வயதிலிருந்தே மௌனம் என்றால் ஒரு தாகம். ஜெபத்தில் நான் சொல்கிற வார்த்தைகள் தீர்ந்த பிறகு ஏதோ ஒன்று வரும் என்று தோன்றும். அது வருவதற்குள் அடுப்படியிலிருந்து அவர் குரல் வந்துவிடும். எனக்கும் கடவுளுக்கும் நடுவில் நிற்கிற சுவர் என் கணவரின் வாய்தான் என்று ஒரு கட்டத்தில் முடிவுகட்டியிருந்தேன்.

ஆகவே மூன்று நாள் மௌனத் தியானத்துக்குத் தனியாகப் போகக் கிளம்பினேன்.

"நீ பாட்டுக்குப் போயிட்டா நான் செவுத்துகிட்டயா பேசறது? நானும் வரேன்" என்றார்.

"பேசாம இருக்கறதுக்குத்தாங்க அங்க போறதே."

"இருந்துட்டாப் போச்சு. இதென்ன மலையா, தூக்கி வெக்கறதுக்கு?"

"கால் மணி நேரம் உங்களால முடியாது."

"பந்தயம் கட்டறியா? நம்ம ரெண்டு பேர்ல யாரு முதல்ல மத்தவர்கிட்ட வாயத் தொறக்கறாங்களோ, அவங்க ஒரு வருஷம் பாத்திரம் கழுவணும்."

கட்டினேன். அந்தப் பாத்திரங்கள் அவருக்குத்தான் என்பதில் எனக்குத் துளியும் ஐயம் இருக்கவில்லை.

தியான இல்லம் ஊரைத் தாண்டி, மரங்களுக்கு நடுவே இருந்தது. நீளமான இரண்டு கட்டடங்கள், ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. நடுவில் சிற்றாலயமும் மணிக்கூண்டும். முதல் நாள் மாலை ஃபாதர் விதிகளைச் சொன்னார்.

"இங்க வாய தொறக்க ரெண்டே இடந்தான். ஒண்ணு பாவசங்கீர்த்தனம், எங்கிட்ட பாவத்தச் சொல்றது. இன்னொண்ணு திருப்பலிப் பூசையில பதில் சொல்றது. மத்தபடி தண்ணி வேணும்னாலும் கைஜாடைதான். ஜோடியா வந்தவங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கக்கூட வேண்டாம். கடவுள்கிட்ட வந்திருக்கீங்க, நடுவுல ஆள் எதுக்கு?"

என் கணவர் கையைத் தூக்கினார். "ஃபாதர், தும்மலாமா?"

எல்லோரும் சிரித்தோம். வாசலில் நின்ற சிஸ்டர் மட்டும் உதட்டில் விரல் வைத்து "உஸ்" என்றார். மௌனத்தைக் காவல் காப்பது அவர் பொறுப்பு. வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டாலே எங்கிருந்தோ அந்த உஸ் வரும். மறுநாள் காலைக்குள் அவருக்கு 'உஸ் சிஸ்டர்' என்று பெயர் விழுந்துவிட்டது. பேசாதவர்கள் நடுவே அந்தப் பெயர் எப்படிப் பரவியது என்று யாரும் விசாரிக்கவில்லை. வைத்தது யார் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை முழுவதும் அவர் குரல் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டேயிருந்தது. காபி ஊற்றியவரிடம் "தேங்க்ஸ்ணே!" தோட்டத்தில் அணிலிடம் ஏதோ. குளியலறையிலிருந்து பாட்டு. ஒவ்வொரு முறையும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிற்றாலயத்தில் உட்கார்ந்திருந்தேன். வார்த்தைகளை ஒவ்வொன்றாக இறக்கி வைக்கப் பார்ப்பேன். அவர் ஒரு கூடை அள்ளிக்கொண்டு வந்து கொட்டுவார்.

பன்னிரண்டு மணிக்கு ஜெப மணி அடித்தது. அடியில் ஒழுங்கே இல்லை. கணகணவென்று அடித்து, நின்று, மறுபடி அடித்து அடங்கியது. அதன் பிறகு தோட்டத்தில் ஒரு சத்தமும் இல்லை. பாட்டு இல்லை, இருமல்கூட இல்லை. அந்த அமைதி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது. அதை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. என் வார்த்தைகள் தீர்ந்தன. தீர்ந்துவிட்டன என்ற எண்ணமும் தீர்ந்தது. நான் யாருக்கோ எதிரே உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான். கேட்க எதுவும் இல்லை, சொல்ல எதுவும் இல்லை. இத்தனை வருடமாக எதற்காகக் காத்திருந்தேனோ, அது வந்துவிட்டது.

ஒரு மணிக்குச் சாப்பாட்டு அறைக்குப் போனேன். என் கணவர் எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பேசவில்லை.

பக்கத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். கஞ்சி போட்டதுபோல் விறைப்பான ஆள். காலையில் என் கணவரை முறைத்தபடியே இருந்தவர். இப்போது அவரே தண்ணீர் ஊற்றி என் கணவர் முன்னால் தள்ளிவைத்தார். கணவர் அதைத் தொடவில்லை. கரண்டியை இடது கையில் பிடித்திருந்தார். ஒரு வாய் சாப்பிட்டு வைத்துவிட்டார். உபவாசம் போலிருக்கிறது என்று நினைத்தேன். கண்களில் ஈரம். மனம் உடைந்திருக்கிறது என்று நினைத்தேன். ஒரு காலில் செருப்பு இல்லை. கடவுள் பிடித்து உலுக்கும்போது செருப்பையா தேடுவான் மனிதன் என்று நினைத்தேன். வேறு எந்த இடமாக இருந்தாலும் இந்த மூன்றையும் பார்த்தவர்கள் ஓடிப்போய் என்ன ஆச்சு என்று கேட்டிருப்பார்கள். அங்கே அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டோம். அடுத்தவருடைய ஜெபத்துக்குள் எட்டிப்பார்ப்பது மரியாதையில்லை அல்லவா?

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். வாய் ஒரு பக்கமாக அசைந்தது. 'எப்படி, பாத்தியா? பாத்திரம் உனக்குத்தான்' என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவர் மரத்தடிப் பெஞ்சில் அசையாமல் இருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தலைமையாசிரியர் அவரைக் கடந்து போகும்போது நின்று, தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். உஸ் சிஸ்டர் தூரத்திலிருந்து பார்த்தார், கிட்டே வரவில்லை. எனக்குள் ஏதோ உறுத்தியது. மறுபடி கண்ணை மூடி, மதியம் வந்ததைத் தேடினேன். வரவில்லை. காது தோட்டத்துப் பக்கமே போய்க்கொண்டிருந்தது. அவர் குரலை எதிர்பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது.

எழுந்து போய்க் கேட்கலாம். கேட்டால் பந்தயம் போகும், போகட்டும். ஆனால் உண்மையிலேயே கடவுள் அவரைத் தொட்டிருந்தால்? ஐம்பது வயதில் முதல்முறையாக அந்த மனிதருக்குள் ஒரு கதவு திறந்திருந்தால்? அதை இழுத்துச் சாத்துகிற கை என்னுடையதாக இருக்க வேண்டுமா?

மூன்று மணிக்குத் திருப்பலி. அவர் கடைசியாக, சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்து வந்து உட்கார்ந்தார். பிரசங்கத்தில் ஃபாதர் யாரையும் குறிப்பிடாமல்தான் சொன்னார்: "நேத்து சத்தமா உள்ள வந்த ஒருத்தர இன்னிக்குக் கடவுள் அமைதிப்படுத்தியிருக்கார். நாம எல்லாரும் கத்துக்கணும்." எல்லோரும் யாரைப் பார்க்கக் கூடாதோ அவரைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவருடைய வாயோரத்தில் எச்சில் வழிந்தது. அவர் துடைக்கவில்லை.

நற்கருணை வாங்க எழுந்தோம். பெண்கள் வரிசையில் நிற்க வேண்டியவள் நான். எப்படியோ அவருக்குப் பின்னால் போய் நின்றிருக்கிறேன். அவர் இடது கையை நீட்டினார்.

"கிறிஸ்துவின் திருவுடல்."

இங்கே ஆமென் சொல்லலாம். மூன்று நாளில் தாராளமாக வாய்திறக்கக் கிடைத்த இடம் இது. ஹாரன் அதை விடமாட்டார். எங்கள் பங்குக் கோயிலில் அவருடைய ஆமெனுக்குக் குழந்தைகள் திரும்பிப் பார்க்கும். அவர் சொல்லவில்லை. ஃபாதர் ஒரு கணம் காத்திருந்து, நெகிழ்ந்த முகத்தோடு அப்பத்தை அவர் உள்ளங்கையில் வைத்தார். வலது கை அதை எடுத்து வாயில் போட வேண்டும். வலது கை தொடையோடு தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அப்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வரிசை காத்திருந்தது. உஸ் சிஸ்டர் தலை குனிந்திருந்தார். எவ்வளவு பக்தி என்று என் பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

"என்னங்க!"

சிற்றாலயம் முழுவதும் என் குரல் மோதியது. அவர் திரும்பினார். அப்பம் விழுந்ததை நான் பார்த்தது அப்போதுதான்.

"என்னங்க, ஏதாவது பேசுங்க! என் பேரச் சொல்லுங்க!"

அவர் வாயைத் திறந்தார். வந்தது வார்த்தை இல்லை. ஆனால் அந்தக் கண்கள் கேட்டன: ஏன் இவ்வளவு நேரம்?

பிறகு எல்லாம் சத்தம்தான். ஃபாதர் திரு உடுப்போடு ஓடி வேனை எடுக்கச் சொன்னார். தலைமையாசிரியரும் இன்னொருவரும் என் கணவரைத் தூக்கினார்கள். வேனில் அவர் தலை என் மடியில். சிஸ்டர் எதிரே உட்கார்ந்து சிலுவையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மருத்துவமனையில் இளம் பெண் டாக்டர் ஒருவர் அவர் கையைத் தூக்கிப் பார்த்தார், கால்களைத் தட்டினார், கண்ணில் வெளிச்சம் அடித்தார்.

"பக்கவாதம். மூளைல அடைப்பா, ரத்தக் கசிவான்னு ஸ்கேன்ல தெரிஞ்சிடும். அடைப்புன்னா அத கரைக்க ஒரு ஊசி இருக்கு. ஆனா ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும், அதுக்கு மேல போட்டா ஆபத்து. கடைசியா எப்ப நல்லா பேசினார்?"

நான் ஃபாதரைப் பார்த்தேன். ஃபாதர் என்னைப் பார்த்தார்.

"அம்மா, உங்களத்தான். எப்ப பேசினார்?"

"காலைல... குரல் கேட்டுச்சு. எத்தன மணின்னு..."

"கூட யாரு இருந்தா?"

"நாங்க மௌன தியானத்துல இருந்தோம் டாக்டர்" என்றார் ஃபாதர். "யாரும் யார்கிட்டயும் பேசறதில்ல."

"அப்ப காலைலேருந்தேன்னு வெச்சுக்கணும். நேரம் உறுதியாத் தெரியாம என்னால ஊசி போட முடியாது."

ஸ்கேன் அறைக்குத் தள்ளுவண்டியைத் திருப்பினார்கள். அந்த நொடியில் எனக்குக் கடவுள்மேல் வந்த கோபத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம் வர வாயை மூடினோம். மூடின வாயே இவரைக் கொல்லப் போகிறதா?

"பன்னிரண்டு மணிக்கு."

சொன்னது உஸ் சிஸ்டர்.

"பன்னிரண்டு மணிக்கு எங்கிட்ட பேசிட்டிருந்தார் டாக்டர். நல்லாத்தான் பேசினார்."

ஃபாதர் நிமிர்ந்தார். "நீங்களா சிஸ்டர்?"

"மணியடிக்கப் போனேன் ஃபாதர். பின்னாலயே வந்து, 'சிஸ்டர், இந்த வீட்ல சத்தம் போட அனுமதி உள்ள ஒரே ஆள் இந்த மணிதான், நான் ஒரு தடவ அடிச்சுக்கறேனே'ன்னார். சிரிப்பு வந்துடுச்சு. கயித்தக் குடுத்துட்டேன். ரெண்டு கையாலயும் இழுத்து அடிச்சார். அப்புறம்..." சிஸ்டரின் முகம் சிவந்தது. "எனக்கு வண்டி ஓட்டக் கத்துக்க ரொம்ப நாளா ஆசை. க்ளட்ச எப்ப விடறதுன்னு கேட்டேன். ஒரு பத்து நிமிஷம் ரகசியமா சொல்லிக் குடுத்தார். வண்டி உங்ககிட்ட பேசும் சிஸ்டர், நீங்க சும்மா இருந்து காலால கேளுங்கன்னார். ஒரு வார்த்த குளறல."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "நிச்சயமா பன்னிரண்டா?"

"நாந்தான் தினமும் மணியடிக்கறவ."

"ஓடுங்க" என்றார் டாக்டர், தள்ளுவண்டிக்காரரிடம். ஸ்கேனில் அடைப்பு என்று தெரிந்தது. ஊசி போட்டார்கள். கொஞ்சம்தான் நேரம் மீதமிருந்தது.

நாங்கள் மூவரும் வெளியே நாற்காலியில் உட்கார்ந்தோம். ஃபாதர் ஒருமுறை வாயெடுத்தார். சிஸ்டர் பழக்க தோஷத்தில் "உஸ்" என்றுவிட்டுத் தானே பதறிப்போனார். ஃபாதர் தலையசைத்து அடங்கினார். அந்த மௌனத்தில் எனக்கு எதுவும் வரவில்லை. யாரும் எதிரே உட்காரவில்லை. ஆனாலும் எழுந்து போகவும் தோன்றவில்லை.

மதியம் சிற்றாலயத்தில் வந்தது கடவுள்தானா, அல்லது என் கணவரின் குரல் அணைந்ததால் உண்டான வெறுமையா? அவர் வார்த்தையை இழந்த அதே நேரத்தில்தான் எனக்கு அது வாய்த்தது. ஒருவேளை அவர் அருகே இருந்தவரே என் அருகேயும் இருந்திருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இந்த வரியை எத்தனை முறை படித்தும் பிழை எங்கே என்று எனக்குப் பிடிபடவில்லை.

என் கணவர் பிழைத்தார். வலது கால் கொஞ்சம் இழுக்கும். சின்னச் சின்ன வாக்கியங்கள் பேசுவார், சில நாள் நாற்காலியை ஜன்னல் என்பார், தவறு புரிந்தால் அவரே முதலில் சிரிப்பார். ஓட்டுநர் பள்ளியை என் கொழுந்தன் நடத்துகிறார். சிஸ்டரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அங்கே வண்டி ஓட்டக் கற்று உரிமம் வாங்கிவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னார். ஃபாதர் இன்னும் மௌனத் தியானம் நடத்துகிறார். இப்போது ஒவ்வொரு சாப்பாட்டுக்கு முன்னும் எல்லோரும் தங்கள் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது அங்கே விதி. தலைமையாசிரியர் மாதம் ஒருமுறை வந்து என் கணவரோடு சதுரங்கம் விளையாடினார். போன வருடம் இறந்துபோனார். நான் அதே அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். விடிகாலையில் அரை மணி நேரம் பேசாமல் உட்காருகிறேன், என் கணவரும் பக்கத்தில் வந்து உட்காருகிறார். சில நாள் ஏதோ வருகிறது. பல நாள் வருவதில்லை.