பெர்லினில் இரண்டு கோசோ சங்கங்கள்

லிஃப்ட் பழுது பார்க்கும் ஜிலோர்மு பெர்லினுக்கு வந்து பத்தொன்பது வருடமாகியும் தன் தீவுக்காரர் ஒருவரைக்கூட அங்கே பார்த்ததில்லை. மால்ட்டாவை ஒட்டிக் கிடக்கும் சின்னஞ்சிறு கோசோ அவருடைய தீவு. அவர் வேலைக்குப் போகும் ஒரு கட்டடத்தின் வாசலில் டோகோக்காரர் சங்கம், மங்கோலியர் சங்கம், ஐஸ்லாந்துக்காரர் பாட்டுக் குழு என்று வரிசையாகப் பெயர்ப்பலகைகள். அவற்றைப் பார்த்துப் பார்த்து ஒரு நாள் அவருக்குப் பொறுக்கவில்லை.

சங்கம் பதிய ஏழு பேர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். சலவைக் கடை, ரொட்டிக் கடை என்று எல்லாச் சுவர்களிலும் அறிவிப்பு ஒட்டினார். இரண்டு மாதத்தில் ஒரே ஒரு போன் வந்தது. பல் மருத்துவமனையில் வேலை செய்யும் டோலோர் என்ற பெண். ரொட்டிக் கடையில் சந்தித்தார்கள். இருவருக்கும் ஒரே ஊர் என்று தெரிந்ததும் ஜிலோர்முவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எந்த பேண்டு நீங்க?" என்று டோலோர் கேட்டாள்.

அந்த ஊரில் இரண்டு பேண்டு வாத்தியக் குழுக்கள். ஒன்று சூசையப்பருக்கு, ஒன்று மாதாவுக்கு. யார் திருவிழாவில் வெடிச்சத்தம் பெரிது என்பதில் பேச்சுவார்த்தை அறுந்துபோன குடும்பங்கள் அங்கே ஏராளம்.

"சூசையப்பர்."

டோலோர் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "எங்க கொடிக்கம்பத்த அறுத்தது உங்க ஆளுங்கதானே."

"அது நடந்தப்ப நான் பொறக்கவே இல்லம்மா."

"உங்கப்பா பொறந்திருந்தாருல்ல?"

ஆனாலும் கையெழுத்துப் போட ஒப்புக்கொண்டாள். "சங்கத்துக்காகப் போடறேன். உங்களுக்காக இல்ல."

மீதி ஐந்து பேருக்கு ஜிலோர்மு கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் கெஞ்சினார். முடிதிருத்தும் குர்து இளைஞன் ருஸ்தெம் சரி என்றான். மாடி வீட்டு வூலிட்ஸ், ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியர், பொழுது போகாமல் சம்மதித்தார். பூக்கடை வைத்திருக்கும் வியட்நாம்காரி ஹன் தானும் வந்து, வாடிக்கையாளர்களான இரண்டு போலந்துக்காரர்களையும் இழுத்து வந்தாள். கோசோ மக்கள் சங்கம் பதிவாகிவிட்டது.

வூலிட்ஸ் மாதிரி ஆட்கள் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார்கள். நூலகத்திலிருந்து கோசோவைப் பற்றிக் கட்டுக்கட்டாகப் புத்தகம் எடுத்து வந்தார். முதல் கூட்டத்தில் மால்ட்டா மொழியில் வரவேற்புரை வாசித்துவிட்டு, ஜிலோர்முவின் நன்றியுரையில் இருந்த இலக்கணப் பிழைகளைத் திருத்தினார். தலைவர் தேர்தலில் அவருக்கு ஐந்து ஓட்டு. ஜிலோர்முவுக்கு அவருடைய சொந்த ஓட்டு மட்டும் விழுந்தது. டோலோர் யாருக்கும் போடவில்லை.

பிறகு ருஸ்தெம் எழுந்தான். "தலைவரே, ஒரு சந்தேகம். நாம எந்த பேண்டு?"

"நிச்சயமா சூசையப்பர்தான்," என்றார் வூலிட்ஸ். "ஆதாரம் இருக்கு."

"கொடிக்கம்பத்த அறுத்த கூட்டத்துல நான் இருக்க மாட்டேன்," என்றான் ருஸ்தெம். அவனிடம் முடி வெட்டிக்கொள்ளும்போது டோலோர்தான் அந்தக் கதையைச் சொல்லியிருந்தாள். டோலோரும் போலந்துக்காரர்களில் ஒருவரும் அவனுடன் வெளியேறி மாதா பெயரில் தனிச் சங்கம் தொடங்கினார்கள். இன்னொரு போலந்துக்காரர் வூலிட்ஸ் பக்கம் நின்றார். அன்று முதல் அந்தப் போலந்துக்காரர்கள் இருவரும் ஒரே வீட்டில் பேசிக்கொள்ளாமல் சமைத்தார்கள்.

இப்போது இரண்டு சங்கத்துக்கும் ஆள் தேவைப்பட்டது. ருஸ்தெம் முடி வெட்ட வந்தவர்களையெல்லாம் மாதா கட்சியில் சேர்த்தான். வூலிட்ஸ் பழைய மாணவர்களுக்குக் கடிதம் போட்டார். மூன்று மாதத்தில் ஆளுக்கு நாற்பது பேர். இரண்டு பக்கத்துக்கும் மாலை கட்டிக் கொடுத்த ஹன்னை மட்டும் யாரும் சந்தேகிக்கவில்லை.

ஜிலோர்முவுக்குப் பயம் வந்து டோலோருக்கு போன் செய்தார். "இத நிறுத்தணும்மா. ஒரு காபி குடிச்சுப் பேசலாமா?"

அவர்கள் ரொட்டிக் கடையில் உட்கார்ந்திருந்ததை யாரோ படம் பிடித்துவிட்டார்கள். எதிர்க்கட்சியுடன் உறவாடிய குற்றத்துக்காக ஒரே வாரத்தில் இருவரையும் அவரவர் சங்கம் நீக்கியது. ஜிலோர்முவுக்கு வந்த கடிதம் பிழையில்லாத மால்ட்டா மொழியில் இருந்தது.

திருவிழா ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒரே தெருவில் இரண்டு ஊர்வலங்கள் எதிரெதிரே வந்து முட்டி நின்றன. கானாக்காரர்கள் சூசையப்பரைச் சுமந்திருந்தார்கள், துருக்கியர்கள் மாதாவை. போலீஸ்காரி ஒருத்தி நடுவில் புகுந்து, "இதுல கோசோக்காரங்க யாருப்பா?" என்று கேட்டாள். எண்பது கைகள் உயர்ந்தன. நடைபாதையில் நின்ற இருவர் மட்டும் கையைத் தூக்கவில்லை.

பேண்டு முழங்க ஆரம்பித்தது.

"உங்க ஆளுங்க டிரம்பெட்டு சகிக்கல," என்றாள் டோலோர்.

"உங்க டிரம்மு மட்டும் என்னவாம்?"

"அதுவும் சகிக்கலதான்."

ஜிலோர்மு சிரித்தார். அவளும் சிரித்துவிட்டாள். பக்கத்தில் கொடி பிடித்து நின்ற ருஸ்தெம் திரும்பி முறைத்தான். "அண்ணே, இது எங்க பரம்பரை விஷயம். வெளியாளுங்க சிரிக்கறதா இருந்தா தள்ளிப்போய் நின்னு சிரிங்க."

இருவரும் தள்ளிப்போய் நின்றார்கள்.