நீல ஒயரும் ஒன்பது கஜமும்

கைலாஷிடம் ஒயர் என்று வாயெடுத்தால் போதும், மாட்டுவண்டியில் ஆபீஸ் போகச் சொன்னதுபோல் சிரிப்பான். "இந்தக் காலத்துல எவனாவது வீட்டுக்குள்ள ஒயர் இழுப்பானோ? வைஃபைன்னு ஒண்ணு பின்னே எதுக்காக்கும்?" என்று மனைவியைக் கேட்டுவிட்டு ஆபீஸுக்கு டெக்னோபார்க் பஸ் ஏறிவிடுவான். வீட்டில் கிடந்து மல்லுக்கட்டுவது ரெம்யாதானே.

ஸ்ரீவராகத்தில் அவர்கள் வீடு ரயில் பெட்டிமாதிரி நீளம். மோடம் வாசல் கூடத்தில். தெருச் சத்தம் கேட்காமல் பேச வேண்டுமென்றால் கடைசி அறை. நடுவில் தடித்தடியாக நாலு சுவர். வைஃபை அவற்றையெல்லாம் தாண்டி வந்து சேர்வதற்குள் அதற்கே மூச்சு வாங்கும். போன வாரம் சென்னைக் கம்பெனி ஒன்றின் முதல் இன்டர்வியூவில், திரையில் வாய் பிளந்தபடி அவள் உறைந்து நின்றுவிட்டாள். அப்படியும் அடுத்த சுற்றுக்குக் கூப்பிட்டது அவர்கள் பெருந்தன்மை. குழந்தைக்காக விட்ட வேலைக்குப் பிறகு, வீட்டிலிருந்தே பார்க்கும்படி வந்தது இது ஒன்றுதான். இதையும் கோட்டைவிட அவளுக்கு மனசில்லை.

கிழக்கேகோட்டைக் கடைத்தெருவுக்குப் போய் நீளமாக ஒரு நீல ஒயர் வாங்கிவந்தாள். யார் காலிலும் தட்டாமலிருக்க ஆணியடித்து, கூடத்திலிருந்து நடைவழியாக உயரத்தில் இழுத்துக் கட்டினாள். கடைசி அறையில் லேப்டாப்பில் சொருகிப் பார்த்தாள்; படம் துளிகூடத் தயங்கவில்லை. கைலாஷே "கொள்ளாமே" என்று மெச்சினான்.

மறுநாள் நல்ல மழை. கடைசிச் சுற்று ஜோராகப் போய்க்கொண்டிருந்தது. எப்போது வேலையில் சேர முடியும் என்று அவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள், திரை நின்றது. ரெம்யா எழுந்து ஓடினாள்.

நடைவழியில் மாமியார் சரஸ்வதியம்மாள் கையில் துணி உணர்த்தும் கோலோடு நின்றிருந்தாள். ஒன்பது கஜப் புடவை ஒயரில் சொட்டச் சொட்டத் தொங்கியது. அந்தக் கனத்தில் ஒயரின் முனை மோடத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது.

"அம்மா! இதுலயா உணத்தினேள்?"

"மழைக்காக நீ கட்டின புதுக் கொடின்னுன்னா நெனச்சேன்! ஒசரம் எத்தனை பாந்தமா இருந்துது... அய்யோ, கிட்ட வராதே, மடியாக்கும்!"

குளித்து மடி உடுத்திவிட்டால் சமையல் முடியும்வரை அவளை யாரும் தொடக்கூடாது. அவளும் கண்டதைத் தொடமாட்டாள். தொட்டால் மறுபடி குளியல், மறுபடி உலை. நடைவழியோ ஓர் ஆள் அகலம்; அவளை உரசாமல் கூடத்துக்குப் போக வழியில்லை.

"அதை மோடத்துல சொருகணும்மா. எல்லாரும் காத்துண்டிருக்கா. இந்த வேலையும் போயிடும்." ரெம்யா அறைப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

சரஸ்வதியம்மாள் மருமகளின் முகத்தைப் பார்த்தாள். புடவையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு கூடத்துக்குப் போனாள். ஒயர் நுனியைக் கையாலேயே எடுத்து மோடத்தில் அழுத்தினாள். விட்டதும் வெளியே வந்தது. அதைப் பிடித்துக்கொள்ளும் சின்னக் கொக்கி உடைந்திருந்தது. மறுபடி அழுத்தினாள். பச்சை விளக்கு மின்னியது.

"வந்துடுத்தோ? நீ போ, நான் பிடிச்சுக்கறேன்."

"அம்மா, உங்க மடி..."

"குளிச்சாப் போறது. போடீன்னா!"

அறைக்குள் கேள்விகள் தொடர்ந்தன. தடங்கலே இல்லை. கடைசியில், ஒன்றாம் தேதி சேர்ந்துவிடுங்கள் என்றார்கள்.

ரெம்யா கூடத்துக்கு ஓடிவந்தாள். மாமியார் அதே இடத்தில், ஈரப் புடவை தோளில் சொட்ட, இரண்டு விரலால் ஒயரை அழுத்தியபடி குனிந்து நின்றிருந்தாள். சென்னைக்காரர்கள் காதில் விழுந்துவிடுமோ என்று பயந்தவளாய், "கையை எடுக்கலாமோ?" என்று கிசுகிசுத்தாள்.

"எடுங்கோம்மா. கிடைச்சுடுத்து."

மடிதான் போயாயிற்றே. கல்யாணமாகி வந்ததிலிருந்து முதல்முறையாக, குளித்த மாமியாரைச் சமையலுக்கு முன்பே ரெம்யா இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.