வலை இல்லாத பக்கம்

ஜில் விட்ட குத்தில் அப்பாவின் மூக்கு உடைந்தது. அம்மாவின் சவப்பெட்டிக்கு மூன்றடி தள்ளி, பாதிரியார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. நெல்யா அண்ணனின் இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தாள்.

“விடுடி. இந்தாளுக்கு இன்னும் ரெண்டு வேணும்.”

“அம்மா முன்னாடியாடா?”

“அம்மாதான் மொதல்ல பாக்கணும்.”

அப்பா அர்லிந்தோ கையை ஓங்கவில்லை, தடுக்கவுமில்லை. துறைமுகத்தில் நாலு பேரை ஒண்டியாக அடித்த மனுஷன், சட்டையில் ரத்தம் சொட்ட நாற்காலியில் உட்கார்ந்தார்.

அமெரிக்காவில், நியூ இங்கிலாந்தின் அந்தத் துறைமுக ஊரில் மைதானச் சண்டை யாருக்குத்தான் தெரியாது? நூறு வருஷத்துக்கு முந்தைய குட்டி பேஸ்பால் மைதானம். ஆட்டக்காரனின் வியர்வை வாசம் முன்வரிசைக்கு வரும். கிளப் அதை இடித்துவிட்டு நெடுஞ்சாலைப் பக்கம் பெரிதாகக் கட்டப் பார்த்தது. அப்பா வழக்குப் போட்டு நிறுத்தினார். பந்து அதிகம் பாயும் முதல் பேஸ் பக்கம் கூட்டத்துக்கு முன்னால் வலையாவது கட்டுகிறோம் என்று கிளப் இறங்கி வந்தபோது, “கோழிக்கூண்டுக்குள்ள உக்காந்தா ஆட்டம் பாக்கறது?” என்று ஊரெல்லாம் கையெழுத்து வாங்கி அதையும் கெடுத்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை அதே பக்கத்தில்தான், அவரிடம் கடலைப் பொட்டலத்தை நீட்டத் திரும்பிய அம்மாவின் நெற்றிப்பொட்டில், மட்டையிலிருந்து தெறித்த பந்து அடித்தது.

அதோடு போயிருந்தால் ஜில் கை நீட்டியிருக்க மாட்டான். கூட்டத்துக்குள் வரும் பந்து எடுத்தவனுக்குச் சொந்தம். காலடியில் உருண்டதை அப்பா பொறுக்கி, தலைக்கு மேலே தூக்கிக் காட்டிச் சிரித்தார். அதற்கப்புறம்தான் அம்மாவைப் பார்த்தார். டிவியில் ஊரே பார்த்தது.

ஜில் கோட்டுப் பையிலிருந்து ஒரு காகிதத்தை உருவினான். வழக்கை வாபஸ் வாங்கும் மனு. “போடு கையெழுத்த. நாளைக்கே புல்டோசர் வரட்டும்.”

அப்பாவோடு வழக்கு நடத்திய மைதானப் பாதுகாப்புக் கமிட்டியின் மெதைரோஷ் குறுக்கே வந்தார். “தம்பி, துக்கத்துல எதையும் முடிவு பண்ணாத. உங்கம்மா மொத மொத இவரப் பாத்ததே அங்கதான்...”

ஜில் அவருடைய டையைப் பிடித்து மலர்வளையங்களின் மேல் தள்ளினான். கிளப் அனுப்பிய வளையம் நடுவில் முறிந்தது. மெதைரோஷின் மனைவி குடையால் ஜில்லின் முதுகில் சாத்தினாள். மைதானத்தை இடிக்கணும், கூடாது என்ற இரண்டு கட்சி ஆட்களும் எழுந்துவிட்டார்கள், ஒரு நாற்காலி பறந்தது.

நெல்யா அப்பாவின் முன் மண்டியிட்டு, கைக்குட்டையை அவர் மூக்கில் அழுத்தினாள். அவளுக்கும் அவர் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

“ஏம்ப்பா அப்படிச் செஞ்ச?”

“உங்கம்மா குனிஞ்சிருப்பான்னு நெனச்சேம்மா. எப்பவும் குனிஞ்சிடுவா.” வாயால் மூச்சு வாங்கினார். “கை தானா போச்சு.”

அவர் காகிதத்தை வாங்கித் தொடைமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பேரின் மேல் ஒரு சொட்டு ரத்தம் விழுந்தது. ஜில் அதைப் பிடுங்கிக்கொண்டான். கூடம் அடங்கியது.

அப்பா எழுந்து பெட்டியருகே போனார். பையிலிருந்து அந்தப் பந்தை எடுத்து, ஜெபமாலை சுற்றியிருந்த அம்மாவின் கையில் வைத்தார். விறைத்த விரல் எப்படிப் பிடிக்கும்? பந்து நழுவி, பெட்டியின் விளிம்பில் தட்டி, தரையில் விழுந்து உருண்டது.

மெதைரோஷ் பாய்ந்தார். பின்வரிசையில் மூன்று பேர் குனிந்தார்கள். பாதிரியார்கூட ஒரு காலை நீட்டினார். அப்பா மட்டும் அசையவில்லை.

எல்லோரையும் முந்தியது ஜில்தான். முழங்காலில் விழுந்து, ஒற்றைக் கையால் அள்ளி, எழுந்தும்விட்டான். பந்தோடு கை தலைக்கு மேலே போய் நின்றது.

நெல்யா அவனிடம் போய்க் கையை நீட்டினாள்.

“குடுண்ணே.”

அவன் கொடுக்கவில்லை. கையை இறக்கவுமில்லை. மறு கையில் கையெழுத்துப் போட்ட காகிதம் கசங்கிப்போயிருந்தது.